52-லிருந்து 38 போனால் 26: புது ஆசிரியருக்கு வகுப்பறை ஆராய்ச்சி

பி.எட். ஆனாலும் டி.எல்.எட். ஆனாலும், படித்து முடிப்பதற்குள் 'செயலாராய்ச்சி' என்று ஒரு ரெக்கார்டு எழுதித்தான் ஆக வேண்டும். பழுப்பு அட்டை, நெற்றியில் லேபிள், உள்ளே பாடம் நடத்துமுன் வைத்த முன்தேர்வு, நடத்தியபின் வைத்த பின்தேர்வு, கலர் பென்சிலில் ஒரு பட்டை வரைபடம். முன்தேர்வில் குட்டையாக இருக்கும் பட்டை பின்தேர்வில் கிடுகிடுவென்று வளர்ந்திருக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரெக்கார்டுகளில் தோற்றுப்போன ஆராய்ச்சி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டில் பள்ளியின் பெயரை மட்டும் மாற்றியிருந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதில் பின்தேர்வு நடந்த தேதி ஞாயிற்றுக்கிழமை.

இந்த ரெக்கார்டு வேலையால் அந்தச் சொல்லே கெட்டுப்போய்விட்டது. ஆராய்ச்சி என்றதும் பயிற்சி ஆசிரியர்கள் கொட்டாவி விடுகிறார்கள். உண்மையில் வேலைக்குப் புதிதாக வருகிற ஒருவருக்கு அதைப் போலக் கைகொடுக்கிற விஷயம் வேறில்லை என்பது என் எண்ணம். அது என்ன, எப்படித் தொடங்குவது, பக்கத்தில் நிற்கிற மூத்த ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு கழித்தல் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒன்றிய நடுநிலைப் பள்ளி எங்களுடையது. சில வருஷங்களுக்கு முன் நாலாம் வகுப்புக்கு ஒரு பயிற்சி ஆசிரியை வந்தார். மூன்றாம் நாள் மதியம், சத்துணவு முடிந்து பிள்ளைகள் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம், ஒரு கட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் தொங்கிக் கிடந்தது.

"டீச்சர், கடன் வாங்கிக் கழிக்கிறதை மூணு நாளா நடத்துறேன். ஏறவே மாட்டேங்குது. கவனமே இல்ல இவங்களுக்கு."

நோட்டுகளைப் புரட்டினேன். கணக்கு 52-லிருந்து 38. விடை 14 வர வேண்டும். பாதிப் பேருக்கு வந்திருந்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் 26 என்று எழுதியிருந்தார்கள். சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்திருந்தது.

"கவனம் பிசகினா ஆளுக்கொரு தப்புல்ல வரணும்? இத்தனை பேரும் எப்படிம்மா ஒரே 26-க்கு வந்து சேர்ந்தாங்க?" என்றேன்.

காப்பியடித்திருப்பார்கள் என்றார். இருக்கலாம். ஆனால் அவர்களில் இரண்டு பேர் வகுப்பின் இரண்டு கோடியில் உட்காருகிறவர்கள். கடைசி பீரியடில் ஒரு பையனைத் தனியாகக் கூப்பிடச் சொன்னேன். தப்பு என்று சொல்ல வேண்டாம், 'இதை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லிக் குடு' என்று மட்டும் கேளுங்கள் என்றேன். பையன் யோசிக்கவே இல்லை. எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு, ஆக 26. மேலே இரண்டுதானே இருக்கிறது, எட்டு கீழேதானே இருக்கிறது என்று கேட்டதற்கு, இது கூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தான்.

"பெருசுலருந்துதான் டீச்சர் சிறுசக் கழிக்கணும். ரெண்டாப்புல சொல்லிக் குடுத்தாங்கள்ல."

அவனுக்கு ரெண்டாப்பு எடுத்தது நான்தான்.

அந்த வாக்கியத்தை வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். ஒற்றை இலக்கக் கழித்தலுக்கு அது சரியாக ஓடும். இரண்டு இலக்கம் வந்து, ஒன்றின் இடத்தில் மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணும் நிற்கும்போது அதே வாக்கியம் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். அவன் கவனமில்லாமல் போடவில்லை. நான் கொடுத்த விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான்.

வகுப்பறை ஆராய்ச்சி என்பது இவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. 'இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி' என்று அலுத்துக்கொள்ளாமல், 'இங்கே என்ன நடக்கிறது' என்று கேட்கிறோம். எண்ணுகிறோம், பிள்ளைகளிடம் விசாரிக்கிறோம், எழுதி வைக்கிறோம். அதிலிருந்து ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கிறோம். மாறியதா என்று திரும்ப எண்ணுகிறோம். மாறவில்லை என்றால் கேள்வியைத் திருத்திக்கொண்டு இன்னொரு சுற்று. இந்தச் சுற்றுதான் செயலாராய்ச்சி. அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கர்ட் லெவின் என்ற உளவியலாளர். 1946-இல் அவர் எழுதியது பள்ளிக்கூடத்தைப் பற்றியல்ல, அமெரிக்காவில் சிறுபான்மை மக்களோடு இருந்த உறவுச் சிக்கல்களைப் பற்றி. அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்து 1953-இல் புத்தகமாக எழுதியவர் ஸ்டீபன் கோரி. ஆசிரியரே ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும் என்று 1975-இல் அழுத்திச் சொன்னவர் இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ். தேர்வுக்கு இந்த மூன்று பெயர் போதும்.

பையன் சொன்ன '26' ஒன்றும் உசிலம்பட்டியின் தனிச்சொத்து இல்லை. ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து, அவற்றில் பல தாறுமாறானவை அல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதால் வருபவை என்று காட்டினார்கள். கம்ப்யூட்டர் நிரலில் இருக்கும் 'பக்' போன்றது என்றார்கள். மேல், கீழ் பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது அந்த வகையில் பெயர்போன ஒன்று. இதை அந்தப் பயிற்சி ஆசிரியையிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தனக்கு நடத்தத் தெரியவில்லை என்று மூன்று நாளாகக் குமைந்திருக்கிறார். தன் வகுப்பில் நடப்பது உலகம் பூராவும் நடக்கிற, பெயர் வைத்து ஆராயப்பட்ட ஒரு விஷயம் என்று தெரிந்ததும் அந்தக் குமைச்சல் பாதி இறங்கிவிட்டது. பிறர் செய்த ஆராய்ச்சி புது ஆசிரியருக்குச் செய்கிற முதல் உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஆராய்ச்சியையும் சொன்னேன். நம் ஊருக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரத்தில், தெருவில் தேங்காயும் பழமும் விற்கிற பிள்ளைகளிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் விலை கேட்டு, சில்லறை கேட்டுப் பார்த்தார்கள். 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பிறகு அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்குகளைப் பேப்பரில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது சரியான விடை 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 1985-இல் வெளிவந்த ஆய்வு. எத்தனை பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள் தெரியுமா? ஐந்தே ஐந்து பேர். ஒன்பதிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருந்த பிள்ளைகள். "முப்பது பிள்ளைங்கதான டீச்சர் இருக்காங்க, இதுல என்ன ஆராய்ச்சி பண்றது" என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஐந்தைத்தான் காட்டுவேன்.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பெண் இருந்தாள். அம்மா பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூ கட்டி விற்கிறவர். லீவு நாளில் முழம் போட்டுக் கொடுத்து மீதிச் சில்லறை எண்ணித் தருவது இவள்தான். நோட்டில் 26 என்று எழுதியவர்களில் இவளும் ஒருத்தி. '52 ரூபா கையில இருக்கு, பூக்கு 38 ரூபா குடுத்துட்ட, மிச்சம்?' என்று கேட்டதும் 14 என்று சட்டென்று வந்தது. எப்படி என்றால், 38-க்கு மேல் இரண்டு சேர்த்தால் 40, இன்னும் ஒரு பன்னிரண்டு. கடன் வாங்கும் சோலியே இல்லை.

ஆகவே அடுத்த வாரம் பயிற்சி ஆசிரியை செய்த மாற்றம் சின்னது. பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய்க் காசு என்று அட்டையில் வெட்டிக்கொண்டார். ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் கையில் இருக்கும்போது எட்டு ஒன்று கேட்டால் எப்படிக் கொடுப்பது? ஒரு பத்தைச் சில்லறையாக மாற்ற வேண்டும். கடையில் சில்லறை மாற்றுவது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். மாற்றிய ஒவ்வொரு முறையும் நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுத வைத்தார். 'கடன் வாங்குதல்' என்ற சொல்லையே ஒரு வாரத்துக்குத் தள்ளி வைத்தார். அந்தச் சொல்லின் மேல் எனக்கும் ஒரு புகார் உண்டு. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று ஒரு பிள்ளை கேட்டது, எனக்கு இன்றுவரை பதில் இல்லை.

இனி பக்கத்தில் நிற்கிறவரின் வேலை. பயிற்சி ஆசிரியர் வகுப்பெடுக்கும்போது நாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதுவது என்ன? 'குரல் இன்னும் தெளிவாக இருக்கலாம். கரும்பலகையை நன்கு பயன்படுத்தலாம். கிளாஸ் கன்ட்ரோல் தேவை.' எனக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள், நானும் பத்து வருஷம் இதைத்தான் எழுதினேன். வாங்கிக்கொள்கிறவருக்கு இதில் அடுத்த நாள் செய்ய எதுவும் இல்லை, மனம்தான் சுருங்கும்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். வகுப்புக்கு முன்னால் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு நான் எதை எண்ணட்டும்?" எதை எண்ணுவது என்று அவரே சொல்ல வேண்டும். அந்த ஆசிரியை, தான் யாரிடம் கேள்வி கேட்கிறேன் என்று பார்க்கச் சொன்னார். உட்காரும் வரிசையை ஒரு தாளில் கட்டம் போட்டு வரைந்துகொண்டேன். யாரைக் கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. பீரியட் முடிந்ததும் தாளை அவர் கையில் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. முன் இரண்டு வரிசையில் கோடுகள் முள்வேலி மாதிரி அடர்ந்து கிடந்தன. ஜன்னல் ஓரத்தில் இருந்த கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. 26 போட்டவர்கள் முக்கால்வாசி அந்த ஜன்னல் ஓரம்தான். அவரே பார்த்தார், அவரே சொன்னார். நான் கருத்துச் சொல்லியிருந்தால் தற்காப்புக்குப் போயிருப்பார். கோட்டோடு யார் சண்டை போடுவது?

இன்னொரு எண்ணிக்கை, கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அமெரிக்க வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீளமானது, பதிலே இல்லாமல் போவது குறைந்தது. மூன்று வினாடி என்பது கேட்கச் சுலபமாக இருக்கும். நின்று பாருங்கள், மூன்று வருஷம் மாதிரி இருக்கும். மனசுக்குள் 'மீனாட்சி, மீனாட்சி, மீனாட்சி' என்று நிதானமாகச் சொல்லிக்கொள்ளச் சொல்வேன். செல்போனில் ஒரு பீரியடைப் பதிவு செய்து புது ஆசிரியர் தானே வீட்டில் கேட்டாலும் இந்த எண்ணிக்கை கிடைத்துவிடும், யாரும் வந்து உட்கார வேண்டியதில்லை.

பி.எட். படிக்கிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றத் தேவையில்லை. நுண்ணிலைக் கற்பித்தலில் ஐந்து நிமிஷம் ஒருவர் நடத்த, கூடப் படிக்கிறவர் அட்டவணையில் குறிப்பது இதே வேலைதான். 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை அது. நாம் அதைக் கல்லூரிச் சுவருக்குள் விட்டுவிட்டு, நிஜப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரும்போது கையை வீசிக்கொண்டு வருகிறோம். காலமும் இல்லாமல் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விதி வகுக்கிற தேசிய அமைப்பான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளால் பி.எட். இரண்டு வருஷமானபோது பள்ளியில் இருக்க வேண்டிய காலம் 20 வாரம் என்று வைத்தார்கள், முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. ஒரு சின்னக் கேள்வியை இரண்டு சுற்றுப் பார்க்க அது தாராளம்.

இப்போது எல்லோரும் வழுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம்: முன்தேர்வு, பின்தேர்வு. ஐந்து பிள்ளைகள் பத்துக்கு 2, 3, 6, 7, 7 என்று மார்க் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5. பின்தேர்வு, பொங்கல் லீவு முடிந்த மறுநாள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டுப் பார்த்த களைப்பில் இரண்டு பேர் வரவில்லை. வராத இருவரும் 2, 3 வாங்கியவர்கள். மற்ற மூவரும் பழைய மார்க்கையே வாங்குகிறார்கள். சராசரி 6.67. ஒருவரும் ஒன்றும் கற்கவில்லை, ஆனால் பட்டை வளர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வராமல் போவது பெரும்பாலும் யாருக்கு உதவி தேவையோ அந்தப் பிள்ளைகள்தான். அதனால் இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் ஒப்பிட வேண்டும். பெயர் பெயராக, சராசரிக்குப் போகும் முன்னால். யார் ஏறினார், யார் இறங்கினார், யார் அப்படியே நிற்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே ரெக்கார்டின் வரைபடத்தைவிட அதிகம் தெரியும்.

இரண்டாவது வழுக்கல், எப்போது சோதிப்பது. பாடம் நடத்திய கையோடு பின்தேர்வு வைத்தால் எல்லாமே வெற்றிதான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், ஒரு முறை படித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: 42-க்கு 56. ஐந்து நிமிஷத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பான முடிவுக்கு வந்திருப்பார்கள். கல்லூரி மாணவருக்குப் பொருந்துவது நம் நாலாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வாரம் கழித்து, வேறு எண்களோடு, சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து கணக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். 52-க்கும் 38-க்கும் விடை 14 என்று மனப்பாடம் ஆகியிருக்கும், 71-இலிருந்து 45-ஐக் கழிக்கச் சொன்னால்தான் சங்கதி தெரியும்.

பக்கத்துப் பிரிவோடு ஒப்பிடுவதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஒப்பிடலாம். ஆனால் 'என் முறை நல்லது' என்று காட்டுவதற்காக இன்னொரு பிரிவைத் தெரிந்தே மோசமாக நடத்தக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் மார்க்கும் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகவே கூடாது, 'மெல்லக் கற்பவர்' என்ற முத்திரையோடு கட்டாயம் போகக் கூடாது. நோட்டில் எழுதும்போதும் பெயருக்குப் பதில் ஒரு எழுத்து போதும். வகுப்பில் நடந்ததைப் பதிவு செய்கிற செல்போனில் பிள்ளைகளின் குரல் இருக்கிறது, வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

எழுதி வைப்பதற்கு ரெக்கார்டு நோட் வேண்டாம். நாற்பது பக்க நோட் ஒன்று, தினம் ஐந்து வரி. என்ன செய்தேன், எந்தப் பிள்ளை என்ன சொன்னது, எனக்கு எது ஆச்சரியமாக இருந்தது. பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'பெருசுலருந்துதான் சிறுசக் கழிக்கணும்' என்பதை 'மாணவனுக்குக் கழித்தல் பற்றிய தவறான புரிதல் உள்ளது' என்று மாற்றி எழுதினால், அந்த வாக்கியத்தில் இருந்த நான் காணாமல் போய்விடுகிறேன். தே. கல்லுப்பட்டியில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்திலோ பேசச் சொன்னால் இந்த நோட்டைத்தான் கொண்டு போக வேண்டும், பட்டை வரைபடத்தை அல்ல.

கடைசியில் அந்த நாலாம் வகுப்பு என்ன ஆனது? இரண்டு வாரம் கழித்து வைத்த சோதனையில் பூக்காரம்மா மகள் ஐந்தும் சரியாகப் போட்டாள். பெரும்பாலோர் மாறியிருந்தார்கள். நாலு பேர் அட்டைப் பணத்தில் சரியாகவும் நோட்டில் பழையபடியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விசாரிக்கச் சொன்ன பையனும் அந்த நாலில் ஒருவன். 'நாலு பேருக்கு வேலை செய்யல, ஏன்னு தெரியல' என்று பயிற்சி ஆசிரியை தன் நோட்டில் எழுதியிருந்தார். அதை ரெக்கார்டில் எழுதலாமா, மார்க் குறையுமா என்று கேட்டார். எழுதுங்கள், கையெழுத்து நான் போடுகிறேன் என்றேன்.

பயிற்சி முடிந்து போகிற அன்று நாற்பது பக்க நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். வகுப்புப் பீரோவில் வைத்திருந்தேன். அடுத்த வருஷம் வந்த பயிற்சி ஆசிரியரிடம் பாடக்குறிப்பு எப்படி எழுதுவது என்று சொல்வதற்கு முன்னால் அந்த நோட்டைக் கொடுத்து, நாலு பேரும் இப்போது அஞ்சாப்பில் இருக்கிறார்கள் என்றேன்.